மாதவி முதல் ஔவை வரை
(கே. பி. சுந்தராம்பாளின் கலைவழி பற்றிய ஓர் ஆய்வு)

தமிழிலக்கியத்திலே ஓர் ஆடன்மகளின் வாழ்க்கை தொடக்கம் முதல் இறுதிவரை தொடர்ச்சியாகச் சொல்லப்படுவதைக் காணவேண்டுமாயின் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். ஐந்தாம் ஆண்டிற் பயிற்சி தொடங்கி, ஏழாண்டுகள் ஆடலும் பாடலும் பயின்று, பன்னிரண்டாம் அகவையிற் சோழன் திருமுன்னர் அரங்கேறித் தலைக்கோற்பட்டம் பெற்றவள் மாதவி. கோவலன் மதுரையிற் கொலையுண்டான் என்று கேட்டதும் அவள் அணிகலன்களைத் துறந்தாள், அரங்கைத் துறந்தாள், அறவண அடிகளின் அறவுரை கேட்டு நோன்பு பூண்டாள். தன் மகளையும் அந்நெறியிலேயே நிறுத்தினாள். அரங்கிலே தொடங்கித் துறவிலே முடியும் இவ்வழி, கலைமகள் ஒருத்திக்குத் தமிழ்ச் சமுதாயம் வகுத்த பெருமைக்குரிய வழியாகப் பிற்காலத்தார் நெஞ்சிற் பதிந்துவிட்டது.

இருபதாம் நூற்றாண்டிலே இவ்வழியில் நடந்தவர் ஒருவர் உளர். கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் (1908 - 1980) என்னும் அந்நடிகையார், காதற்றலைவியாக மேடையிற் புகழ்பெற்று, இருபத்தைந்தாம் வயதிற் கணவரை இழந்து, வெள்ளாடை உடுத்து, எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அடியாராகவும் துறவியாகவும் மூதாட்டியாகவுமே திரையில் தோன்றினார். ஆயினும் மாதவிக்கும் அவருக்கும் ஒரு பெருவேறுபாடு உண்டு. மாதவி துறவு பூண்டபோது கலையும் அவளை விட்டு நீங்கிற்று. சுந்தராம்பாளோ துறவுக்கோலம் பூண்ட பின்னரே தமது கலையின் உச்சியை எய்தினார். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்வாராய்ச்சிக்குத் தேவை உண்டு. சுந்தராம்பாளைப் பற்றி எழுதியோருட் பலர் அவரது கற்பைப் போற்றினர், பக்தியைப் போற்றினர், வெள்ளாடையையும் வெண்ணீற்றையும் போற்றினர். கலையைப் போற்றினோர் மிகச் சிலரே. கணவன் இறந்தபின் வெள்ளுடை தரித்தமை ஒரு பெண்ணின் துயரமாகலாம். அவளது கலைத்திறனுக்கு அது சான்றாகாது. அக்காலத்தில் எத்தனையோ ஆயிரம் பெண்கள் விரும்பியும் விரும்பாமலும் அவ்வுடையைத் தரித்தனர். அவர்கள் எல்லாரும் சுந்தராம்பாள் ஆகிவிடவில்லை. வாழ்க்கையைப் புகழ்ந்து கலையை மறப்பது நடிகை ஒருவருக்குச் செய்யும் நன்றியன்று.

காவிரிக்கரையிலுள்ள கொடுமுடியில் வறிய குடும்பமொன்றிற் பிறந்த சுந்தராம்பாள், சிறு வயதிற் புகைவண்டியிலே பாடிப் பொருளீட்டினார் என்றும், அவ்வாறு பாடும்போது கேட்டோர் வியந்து அவரை நாடகத்துறைக்கு ஆற்றுப்படுத்தினர் என்றும் கூறுவர். வேலு நாயரின் நாடகக் குழுவிலே அவர் சிறுபிள்ளை வேடங்களில் முதன்முதல் நடித்தார். மாதவிக்கு ஆடலாசான், இசையாசான், முழவோன், குழலோன், யாழாசான் என ஆசிரியர் பலர் வாய்த்தனர்; இளங்கோவடிகள் அவர் ஒவ்வொருவரது இலக்கணத்தையும் வகுத்துரைக்கின்றார். சுந்தராம்பாளுக்கு வாய்த்த கல்லூரி நாடக மேடை ஒன்றே.

அம்மேடையின் இயல்பை அறியாதார் அவர் கலையை அறிதல் அரிது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922) இயற்றிய வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், நல்லதங்காள் முதலிய நாடகங்கள் அந்நாளிற் பெருவழக்காயிருந்தன. நாடகக் கம்பெனிகள் ஒருபுறமிருக்க, ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று வழங்கிய ஒருவகை நாடகமும் உண்டு. அதிலே வெவ்வேறு ஊர்களைச் சேர்ந்த நடிகர்கள் ஓரிரவுக்கென ஒப்பந்தம் பெற்று வந்து, முன்னொத்திகை யாதுமின்றி மேடையிலேயே ஒருவரையொருவர் எதிர்கொள்வர். நாடகப் பாடம் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால், வள்ளியும் வேடனும், வள்ளியும் நாரதரும் நிகழ்த்தும் தருக்கத்திலே எவர் எந்தப் பாட்டை எடுப்பார், எவ்வளவு நேரம் விரிப்பார், எங்கே மடக்குவார் என்பது எவருக்கும் தெரியாது. எதிராளியின் பாட்டைச் செவிமடுத்துக்கொண்டே தம் விடையை ஆயத்தஞ்செய்ய வேண்டும். இதனால் அம்மேடை நடிகர்க்கு முகபாவத்தினும் குரலே முதற் கருவியாயிற்று.

ஒலிபெருக்கி வழக்குக்கு வராத காலம் அது. விடியும்வரை நடைபெறும் நாடகத்திலே, கொட்டகையின் கடைசி வரிசையிலிருப்பவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டாக வேண்டும். ஆதலால் உயர்ந்த சுருதியிலே பாடுவதும், வல்லெழுத்துக்களை நன்கு அழுத்துவதும், நெட்டுயிர்களை நீட்டி நிறுத்துவதும், அடியின் இறுதிச்சொல் விழுந்துவிடாமற் காப்பதும் அம்மரபின் இலக்கணமாயின. சுந்தராம்பாளின் பாடலிலே சொல் ஒருபோதும் இசையில் மூழ்குவதில்லை. இராகத்தை விரிக்கும்போதும் கேட்போன் பொருளை இழப்பதில்லை. இச்சிறப்பைச் சங்கீத சபைகளன்று, நாடகக் கொட்டகைகளே அவருக்கு அளித்தன.

அவரது வாழ்க்கையில் ஈழநாட்டுக்கும் ஓரிடமுண்டு. தென்னிந்திய நாடகக் குழுக்கள் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்து நாடகமாடியதும், அவற்றைப் பின்பற்றி இங்கு இசைநாடக மரபு தழைத்ததும், அம்மரபிலே ‘நடிகமணி’ வி. வி. வைரமுத்து போன்றார் தோன்றியதும் பலரும் அறிந்தவை. அத்தகைய பயணமொன்றிலே, 1926ஆம் ஆண்டு கொழும்பு மேடையில் சுந்தராம்பாளும் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் ஒருங்கு நடித்தனர். கன்னையா கம்பெனியின் ‘தசாவதாரம்’ முதலிய நாடகங்களாற் புகழ்பெற்றிருந்த கிட்டப்பா 1906இற் பிறந்தவர். சுந்தராம்பாளினும் இரண்டாண்டே மூத்தவர். இருவர் குரலும் உயர்ந்த சுருதியில் ஒன்றையொன்று துரத்திச் செல்வதைக் கேட்ட கூட்டம் அதுவரை அத்தகைய இன்பத்தை அறிந்ததில்லை. 1927இல் இருவரும் மணஞ்செய்துகொண்டனர்.

கிட்டப்பாவுக்கு முன்னரே மனைவி இருந்தார். இல்லறத்தின் இசைவும் நெடிது நிலைக்கவில்லை. 1933ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே, முப்பது வயது நிரம்பு முன்னரே கிட்டப்பா காலமானார். சுந்தராம்பாள் அன்று முதல் வெள்ளாடையே உடுத்தார். ஆடவரோடு இணைந்து காதற் பாத்திரங்களில் நடிப்பதில்லை என்ற உறுதியையும் மேற்கொண்டார்.

இவ்வுறுதியை இருவகையாக நோக்கலாம். ஒருவகையில் இது சமுதாயத்தின் கட்டளை. நடிகையரை ஐயக்கண் கொண்டு நோக்கிய அக்காலத்திலே, கணவரை இழந்த இளம் நடிகை ஒருத்தி மேடையில் மீண்டும் வள்ளியாகத் தோன்றியிருப்பின் ஊர் அவரை என்ன கூறியிருக்கும் என்பதை ஊகித்தறிதல் எளிது. மற்றொரு வகையிலே, இவ்வுறுதி அவருக்கு ஒரு காப்பாகவும் அமைந்தது. வெள்ளாடை, அவரைத் தரகர்களிடமிருந்தும் வதந்திகளிடமிருந்தும் விலக்கி நிறுத்திற்று. தம் ஊதியத்தையும் வேடத்தையும் தாமே முடிவுசெய்யும் உரிமையை அளித்தது. கட்டளையைக் காப்பாக மாற்றிக்கொண்டமையிலே அவரது அறிவு புலப்படுகின்றது. எனினும், ஒரு நடிகை தம்மைக் காத்துக்கொள்ளத் தம் இளமையையே விலையாகக் கொடுக்க நேர்ந்த சமுதாயம் பெருமைப்படத் தக்கதன்று.

இவ்வாறு ஒடுங்கியிருந்தவரை மீண்டும் பொதுவாழ்வுக்கு அழைத்தோருள் காங்கிரஸ் தலைவர் எஸ். சத்தியமூர்த்தி ஒருவர். திரைப்படமும் அவரை அழைத்தது. 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்திலே நடிப்பதற்கு அவருக்கு ஓரிலட்சம் ரூபா ஊதியமாக வழங்கப்பட்டது. அக்காலத்தில் அது கேட்டறியாத தொகை. அதனினும் வியப்புக்குரியது அவர் ஏற்ற வேடம். பெண்ணாகிய அவர் ஆணாகிய நந்தனாராகவே நடித்தார். வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர்.

இத்தெரிவு ஆழ்ந்து நோக்கற்பாலது. காதலியாக நடியேன் என்றவருக்கு எஞ்சியிருந்த வழிகளுள் ஒன்று ஆண்வேடம். ஆனால் ஆண்வேடங்களுள்ளும் அரசனையோ வீரனையோ அவர் ஏற்கவில்லை. கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட அடியாரையே ஏற்றார். சேக்கிழார் பாடிய திருநாளைப்போவாருக்கும் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனாருக்கும் இடையே பெருவேறுபாடு உண்டு. அடிமையைத் தில்லை செல்ல விடாது தடுக்கும் வேதியர் பெரியபுராணத்தில் இல்லை. அவர் பாரதியாரின் படைப்பு. தடுப்பவன் ஒருவன் தோன்றியதும் பக்தியோடு ஏக்கமும் இரங்கலும் சேர்ந்துகொண்டன. விரும்பிய இடத்துக்குச் செல்ல விடாது தடுக்கப்பட்டவனின் குரலைப் பாடுவதற்கு, சமுதாயம் வகுத்த எல்லைக்குள் வாழ்ந்த பெண்ணொருத்தியின் குரல் பொருந்தாது என்று எவர் கூறவல்லார்?

இப்படத்தைக் கல்கி ‘ஆனந்த விகடன்’ இதழிலே மிகக் கடுமையாகக் கண்டித்தார். அதிலே நன்கு நடித்தவை மரமும் மாடுமே என்ற பொருள்பட அவர் எழுதிய எள்ளல் இன்றும் நினைவுகூரப்படுகின்றது. கல்கியின் கண்டனத்தில் ஒரு பாதி நியாயமானது. மேடையிற் பாடுபவர் அசையாது நின்று சபையை நோக்கிப் பாடலாம். காமிராவின் முன்னர் அது கல்லாய்ச் சமைந்ததுபோலத் தோன்றும். அந்நாளைய திரைப்படம் நாடகத்தைப் பெயர்த்து வைத்ததேயன்றித் தனக்கென மொழியொன்றைக் கற்றிருக்கவில்லை. மற்றப் பாதியிற் கல்கி தவறினார் எனலாம். கண்ணுக்குரிய நடிப்பைத் தேடியவர், செவிக்குரிய நடிப்பு ஒன்று உண்டென்பதை அவ்வேளை மறந்துவிட்டார். சுந்தராம்பாள் முகத்தாலன்று, குரலாலேயே நடித்தவர்.

1940இல் அவர் ‘மணிமேகலை’யாகத் தோன்றினார். மாதவியின் மகளாகப் பிறந்து, அரசகுமாரனின் காதலை ஒதுக்கி, மணிபல்லவம் சென்று அமுதசுரபி பெற்று, பசிப்பிணி தீர்த்தவள் மணிமேகலை. அம்மணிபல்லவம் நயினாதீவே என்பது ஈழத்தறிஞர் பலர் கொண்ட கருத்தாதலின், இந்நாட்டார்க்கு அக்கதையில் உரிமையும் உண்டு. குலத்தொழில் ஆடலாகவும் கொண்ட நெறி துறவாகவும் அமைந்த மணிமேகலையிலும் தமக்கேற்ற பாத்திரமொன்றை அவர் கண்டுகொண்டார். ஆயினும் முப்பத்திரண்டு வயதில் அவ்விளங்கன்னியின் வேடத்தை ஏற்றவர், அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் திரைக்குத் திரும்பவில்லை.

அப்பதின்மூன்று ஆண்டுகளும் வெறுமையாகக் கழியவில்லை. காங்கிரஸ் கூட்டங்களிலே பேச்சாளர்க்கு முன்னர் அவர் பாடுவார்; பாட்டுக்கென வந்த கூட்டம் பேச்சையும் கேட்டுச் செல்லும். இசைத்தட்டுக்கள் அவர் குரலை ஊர்தோறும் கொண்டுசென்றன. 1951இல் அவர் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். இந்தியத் திரைப்பட நடிகர்களுள் சட்டமன்றம் புகுந்தவர்களில் அவரே முதல்வர் என்பர். நாடகக் கொட்டகையிலிருந்து சட்டமன்றம்வரை ஒரு பெண் நடந்துசென்ற வழியை, பின்னர் அவ்வழியே பெருந்திரளாகச் சென்ற நடிகர்களின் வரலாற்றை எழுதுவோர் மறத்தலாகாது.

1953ஆம் ஆண்டிலே ஜெமினி நிறுவனத்தார் எஸ். எஸ். வாசனின் முயற்சியாலும் கொத்தமங்கலம் சுப்புவின் இயக்கத்தாலும் ‘ஔவையார்’ படத்தை வெளியிட்டனர். சுந்தராம்பாளின் கலைவாழ்க்கை முழுவதும் இப்படத்தை நோக்கியே நகர்ந்துவந்ததோ என எண்ணத் தோன்றும். மணவாழ்வை விரும்பாத இளங்கன்னி பிள்ளையாரை வேண்டித் தன் இளமையை நீக்கி முதுமையை வரமாகப் பெற்றாள் என்பது ஔவை பற்றிய கதை. இருபத்தைந்து வயதிலே முதுமைக்குரிய கோலத்தைத் தாமே பூண்ட நடிகையார், நாற்பத்தைந்து வயதில் அக்கதையின் தலைவியானார். ஔவைக்கு முதுமை அளித்தது யாது? வீதியிலே தனியே நடக்கும் உரிமை. அரசனை நேர்நின்று கடியும் உரிமை. கொடைமறுத்தானை இகழும் உரிமை. இளம்பெண்ணுக்குத் தமிழ்நாடு வழங்காத உரிமைகள் யாவும் கிழவிக்கு வழங்கப்பட்டன. சுந்தராம்பாளுக்கும் வெள்ளாடை வழங்கியவை ஏறக்குறைய இவையே. அதனாற்றான் ஔவை வேடத்திலே அவர் நடிக்கின்றார் என்ற உணர்வே காண்போர்க்கு எழவில்லை.

ஆனால் இவ்வெற்றியால் விளைந்த இழப்பு ஒன்றுண்டு. புறநானூற்று ஔவை வேறு. ஆத்திசூடி ஔவை வேறு. அதியமான் நெடுமானஞ்சியோடு கள்ளுண்டு மகிழ்ந்தவரும், தொண்டைமானிடம் தூது சென்று அவன் படைக்கலக் கொட்டிலை நயம்பட எள்ளியவரும், நண்பன் இறந்தபோது நெஞ்சுருகப் பாடியவரும் கோலூன்றிய மூதாட்டியல்லர். படத்திற்கு முன்னரே இவர்களை ஒருவராக்கிக் கதைகள் வழங்கின. படம் அவ்வொருவருக்கு முகமும் குரலும் கொடுத்து, அதனை மாற்றவியலாதபடி நிலைப்படுத்திவிட்டது. அதன்பின் ஔவை என்றதும் பள்ளி மாணவன் கண்முன் வருபவர் சுந்தராம்பாளே. சங்கப் புலவரின் இளமையும் உவகையும் அவ்வெண்ணீற்றின் பின்னே மறைந்துவிட்டன. ஒரு நடிகைக்கு இதனின் மேம்பட்ட வெற்றி இல்லை. இலக்கியம் கற்பிப்போர்க்கு இதனின் மிக்க இடரும் இல்லை.

பின்னர் பதினோராண்டுகள் கழித்து, 1964இல் மு. கருணாநிதி எழுதி ப. நீலகண்டன் இயக்கிய ‘பூம்புகார்’ படத்திற் கவுந்தியடிகளாகத் தோன்றினார். எழுதியவர் பகுத்தறிவுக் கொள்கையர், நடித்தவர் முருகனடியார், பாத்திரமோ சமணத் துறவி. மூன்று நெறிகள் சந்தித்த அவ்விடத்திலே, தெய்வம் எங்கே சென்றதென வினவும் பாடலடி ஒன்றை அவர் பாட மறுக்க, தெய்வம் வந்துவிட்டதெனப் பொருள்பட அது மாற்றப்பட்டது என்னும் செய்தி பரவலாக வழங்குகின்றது. கருவியாக மட்டும் இருக்க அவர் ஒருபோதும் இசையவில்லை என்பதற்கு இது சான்று. காப்பியத்துக் கவுந்தியும் அத்தகையவரே. கோவலனையும் கண்ணகியையும் இகழ்ந்தோரைச் சபித்தவர் அவர். தாம் அடைக்கலமளித்துக் காத்தவர் அழிந்தனர் என்று கேட்டு உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தவரும் அவரே.

1965இல் ஏ. பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ வெளிவந்தது. கனி கிடைக்காமையாற் சினந்து பழனிக்குச் சென்ற முருகனை ஔவை ஆற்றும் காட்சியே அதில் அவர் பங்கு. மிகச் சிறிய அப்பகுதியே அவரது கலையின் சாரம் எனலாம். குழந்தையைத் தேற்றும் கிழவியின் உரிமையும், இறைவனை இறைஞ்சும் அடியாரின் பணிவும் ஒரே குரலில் மாறிமாறி ஒலிக்கின்றன. உயர்ந்து செல்லும் இசையடி உச்சியில் நிற்கும்போது அது வேண்டுகோளா, கடிதலா என்று பிரித்தறிய முடிவதில்லை. முப்பதாண்டுகளுக்கு முன்னர் ‘வள்ளி திருமண’ மேடையில் வேடனோடு தருக்கமாடிய வள்ளியே, முதுமையெய்தி அம்முருகனோடு மீண்டும் தருக்கமாடுகின்றாளோ என்று பழைய நாடகங்களைக் கண்டவர்க்குத் தோன்றியிருக்கும். அதன்பின் ‘கந்தன் கருணை’ (1967), ‘துணைவன்’ (1969), ‘காரைக்கால் அம்மையார்’ (1973) முதலிய படங்களிலும் அவர் தோன்றினார். ‘துணைவன்’ படப் பாடல்களுக்காக இந்திய அரசின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான விருதையும், 1970இற் பத்மஸ்ரீ பட்டத்தையும் பெற்றார்.

குறைகளையும் கூறாதொழிதல் திறனாய்வுக்கு அழகன்று. உடலசைவிலே அவரிடம் வகைபேதம் குறைவு. ஔவைக்கும் கவுந்திக்கும் நடையிலோ நோக்கிலோ பெரிய வேறுபாட்டை அவர் காட்டினாரல்லர். ஒரே வார்ப்பிலமைந்த வேடங்கள் அவரை நாடிவந்தன. அவரும் அவ்வார்ப்பை உடைக்க விரும்பவில்லை. அவருக்கென எழுதப்பட்ட படங்கள் பாட்டுக்கென நின்று நின்று நகர்வன. நாற்பதாண்டுக் காலத்தில் ஏறக்குறைய ஒரு பன்னிரண்டு படங்களிலேயே அவர் நடித்தமைக்கு இவையும் காரணமாகும்.

அவர் காலத்தவரோடு ஒப்பிடின் இது தெளிவாகும். நாடக மேடையிலிருந்து வந்து முதற் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ (1931) படத்தில் நடித்த டி. பி. ராஜலக்ஷ்மி, 1936இல் ‘மிஸ் கமலா’வைத் தாமே இயக்கினார், எனினும் பின்னாளில் திரையுலகு அவரை மறந்தது. எம். எஸ். சுப்புலக்ஷ்மி ‘மீரா’வின் (1945) பின்னர் திரையை விடுத்துக் கச்சேரி மேடையையே தம் உலகாக்கினார். ஒருவர் மறக்கப்பட்டார், ஒருவர் விலகினார். சுந்தராம்பாள் மறக்கப்படவுமில்லை, விலகவுமில்லை. நடிகையின் இளமை கழிந்ததும் அவளைக் கைவிடும் திரையுலகிலே, அறுபது வயதிலும் அவருக்கென இடம் காத்திருந்தது. ஏனெனில் இளமையை மூலதனமாகக் கொண்டு அவர் அங்குப் புகவில்லை.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இப்போது விடை கூறலாம். மாதவியின் கலை, காண்போர் கண்களுக்கு உரியதாகவே ஊரால் மதிக்கப்பட்டது. ஆதலின் கோலத்தைக் களைந்தவுடன் அவளுக்கு அரங்கில் இடமில்லாதுபோயிற்று. சுந்தராம்பாளின் கலை குரலிலும் சொல்லிலும் வேரூன்றியது. வெள்ளாடையால் அதனை மறைக்க முடியவில்லை. மேலும், தமிழிலக்கியத்திலே காதலியரன்றி வேறு பெண்களும் உளர் என்பதை அவர் கண்டுகொண்டார். காரைக்காற் பேய் முதல் கவுந்தி ஈறாக, அழகைத் துறந்து அறிவாலும் அன்பாலும் ஓங்கிய பெண்டிர் வரிசையொன்று நூல்களுள் உறங்கிக் கிடந்தது. பிற நடிகையர் நாடாத அவ்வரிசையை அவர் எழுப்பித் திரையில் நடமாடவிட்டார். விதித்த எல்லை சிறிதாயினும், அதனுள் அவர் உழுத நிலம் ஆழமானது.

அவருக்கு இவ்வெல்லையை விதித்த சமுதாயத்தை அதற்காகப் பாராட்டுதல் பொருந்தாது. எல்லை விதிக்கப்படாதிருப்பின் அவ்வள்ளி இன்னும் எத்தனை தலைவியராகத் தோன்றியிருப்பாள் என்ற ஏக்கம் அவரை எண்ணுந்தோறும் எழுதல் வேண்டும். அவ்வேக்கத்தோடு அவர் குரலைக் கேட்போர்க்கே அதிலுள்ள துயரமும் தெளிவும் ஒருங்கு புலப்படும்.